வெள்ளைத் திராட்சையும் வேண்டாத மன்னிப்பும்

அக்கா,

நீங்கள் செய்யாத தவறுக்கு உங்களை மன்னித்துவிட்டார்கள். அதுவும் உங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, மைக்கைப் பிடித்து, ஊர் முழுக்கக் கேட்கும்படி. பதில் சொல்ல முடியாத நிலையில் நீங்கள் கிடக்கும் நேரமாகப் பார்த்து மன்னித்தார்கள்.

மன்னித்தவர் சாலமோன். குவைத்தில், அப்பாசியாவில் நாம் கூடிய ஜெபக்குழுவுக்கு அப்போது செயலாளராக இருந்தவர். இப்போது ஊருக்குத் திரும்பிப் பெரிய வீடு கட்டியிருக்கிறார். எந்தச் சாவு வீட்டிலும் முதல் வரிசை நாற்காலி அவருக்குத்தான். "அக்காவுக்கு வெளிநாட்டுல ஒரு சின்ன இடறல் வந்துச்சு. நாங்க அதை அன்னைக்கே மன்னிச்சிட்டோம். ஆண்டவரும் மன்னிச்சிருப்பாரு" என்றார். கூட்டத்தில் நாலைந்து தலைகள் ஆடின. உங்கள் மகன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். நான் எழுந்தேன். பின்னாலிருந்து யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்கள். சாவு வீட்டில் சண்டை வேண்டாம் என்று நினைத்த யாரோ ஒருவரா, அல்லது சாலமோனுடைய ஆளா என்பது எனக்கு இன்னும் தெரியவில்லை.

என்ன இடறல் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதை மறுக்கலாம். சொல்லாமல் விட்டதால் அவரவர் மனதுக்குத் தோன்றியபடி அது வளர்ந்தது. அடக்கம் முடிந்து கை கழுவுகிற இடத்தில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "குவைத்துல சாராயக் கேஸாம்லா?" என்று கேட்டதை என் காதால் கேட்டேன். கையில் ஈரத்தோடு அவரைப் பார்த்தேன். அவர் பேச்சை மாற்றி மழையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

இந்த மடலை அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். அப்போது என்னிடம் கோபம் மட்டும்தான் இருந்தது. சாட்சி இல்லை. சாட்சி கிடைத்தது சில வாரங்கள் கழித்து, என் வீட்டு மொட்டை மாடியில்.

மருமகன் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தான். அல் கூஸில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசராக இருக்கிறான். ஒரு மத்தியானம் தண்ணீர்த் தொட்டியின் மூடியைப் பார்க்கலாம் என்று மாடிக்குப் போனேன். தொட்டியின் நிழலில் அவன் உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எதையோ முதுகுக்குப் பின்னால் தள்ளினான். நான் படியிலேயே நின்றுவிட்டேன். அவன் ஒளித்தது பாட்டில் என்று தெரிந்தது. ஆனால் எனக்கு வந்தது சாராய நெடி இல்லை, அக்கா. உங்கள் திராட்சை கொதிக்கும் வாசனை. ரோஜாப்பூவும் ஆரஞ்சுத் தோலும் தேனும் கலந்த அந்த வாசனை. அப்பாசியா பிளாட்டின் சின்ன அடுக்களை அப்படியே என் வீட்டு மாடிக்கு வந்துவிட்டது.

"அது என்ன மாப்பிள?"

"ஒண்ணுமில்ல மாமா. ஏர்போர்ட்ல வாங்குனது. சும்மா ஸ்வீட் ஒயின். பொம்பளையாளு குடிக்கிறது."

"என்ன பழத்துல செஞ்சது? அதுல எழுதியிருக்கதப் படியும்."

மிரண்டுபோய்ப் படித்தான். "மஸ்கட்டல்னு போட்டிருக்கு மாமா. ஏதோ வெள்ளைத் திராட்சையாம்."

பாட்டிலை வாங்கி முகர்ந்தேன். மறுபடியும் முகர்ந்தேன். நான் அதை வீசி எறியப் போகிறேன் என்று நினைத்திருந்தவனுக்குத் தைரியம் வந்துவிட்டது. "ஒரு வாய் ஊத்தட்டுமா மாமா?" என்றான்.

"சும்மா இரும்" என்று கீழே இறங்கினேன். இத்தனை வருடம் ஒருவனைப் பொய்யன் என்று நினைத்து வைத்திருந்தேனே, அவன் சொன்னது பொய் இல்லையா என்ற யோசனை அதோடு ஆரம்பித்தது.

வரிசையாகச் சொல்கிறேன். உங்களுக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் என் வாயால் ஒரு முறை முழுதாகச் சொல்லியாக வேண்டும்.

ஈராக் சண்டை ஓய்ந்த சமயம் அது. நான் அப்பாசியாவில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஓட்டினேன். நீங்கள் சால்மியாவில் ஒரு லெபனான் குடும்பத்தின் வீட்டில் வேலைக்கு இருந்தீர்கள். குவைத்தில் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. ஆகவே நமக்கு ஞாயிற்றுக்கிழமையும் அதுதான். வெள்ளி காலையில் என் பழைய காரை எடுத்துக்கொண்டு, வீட்டு வேலை பார்க்கும் நம் ஊர்ப் பெண்களை அங்கங்கே ஏற்றிக்கொண்டு வருவேன். நீங்கள் எப்போதும் பின் சீட்டில் சன்னல் ஓரம். நான் வழியில் பார்க்கிற ஆளையெல்லாம் குறை சொல்லிக்கொண்டு வருவேன். காவல்காரன் திருடன், கடைக்காரன் கலப்படக்காரன், போதகர் பிரசங்கத்தை இன்டர்நெட்டிலிருந்து எடுக்கிறார் என்று. "தம்பி, உங்க சந்தேகத்துக்கே தனியா ஒரு விசா அடிக்கணும்" என்பீர்கள். கார் முழுக்கச் சிரிப்பு.

மாதத்தின் முதல் வெள்ளி, அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து. அதற்கு வெள்ளை உடுத்துவது நம் பக்கத்து வழக்கம். அந்த வழக்கத்தையும் பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டுதான் குவைத்துக்குப் போயிருந்தோம். ஆண்கள் வெள்ளைச் சட்டை, பெண்கள் வெள்ளைச் சேலை. ஆனால் அது ஒயின் என்ற பேச்சையே எடுக்க முடியாத நாடு. ஒரு பாட்டிலோடு அகப்பட்டால் ஜெயில், அப்புறம் விமானம், அப்புறம் அந்தத் திசையையே மறந்துவிட வேண்டியதுதான். ஆகவே உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, மசித்து, துணியில் வடித்து, ஆறவைத்துக் கிண்ணத்தில் ஊற்றுவோம். புளிப்பும் இல்லை, நுரைத்துப் பொங்குவதும் இல்லை. வெறும் பழச்சாறு. அந்த வேலை உங்களுடையது. யாரும் உங்களை நியமிக்கவில்லை. மற்றவர்கள் அடுக்களைக்குள் நுழையாததால் உங்களுடையதாயிற்று.

கறுப்புத் திராட்சையில்தான் முதலில் காய்ச்சினீர்கள். ஒரு மாதம் தட்டு சாய்ந்து சாலமோனின் மனைவி சேலையில் தெறித்தது. அடுத்த மாதம் வீட்டுக்காரனுடைய கார்பெட்டில். கட்டடக் காவல்காரன் எகிப்துக்காரன், கார்பெட்டைப் பார்த்துவிட்டு, "கலாஸ், கலாஸ்!" எல்லாம் போச்சு என்று தலையில் அடித்துக்கொண்டான். மேசை விரிப்பை ஒவ்வொரு மாதமும் துவைத்தது நீங்கள்தான். உங்கள் விரல் நுனியெல்லாம் நீலம் பாரித்துக் கிடக்கும்.

அப்புறம்தான் அந்த வெள்ளைத் திராட்சை வந்தது. உங்கள் மேடத்தின் ஊரில், மலைப் பக்கம் விளைவது. பெரிய பெரியதாக, கொட்டையோடு, தேன் நிறத்தில் உலர்ந்தது. ஸபீப் என்று மேடம் சொல்வார் என்றீர்கள். ஒரு பை நிறையக் கொடுத்திருந்தார். காரில் ஏறியதும் என் மூக்கின் கீழே நீட்டினீர்கள்.

"மோந்து பாருங்க. செண்டு போட்ட மாதிரி இல்ல?"

"செண்டுதான் போட்டிருப்பான். அரபிக் கடையில எதுக்குத்தான் செண்டு போடல?"

"போங்க தம்பி! இது மரத்துலயே, கொடியிலயே இப்படித்தான் மணக்குமாம். கறையும் புடிக்காது. வெள்ளச் சேலையில விழுந்தாலும் காஞ்சா தெரியாது."

அன்று கிண்ணத்தில் இருந்தது சிவப்பு இல்லை, பொன் நிறம். ஒருவர் முகம் சுளித்தார். "இரத்தத்துக்கு அடையாளம்னு சொல்லுதோம். மஞ்சளாவா இருக்கும்?" நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டே, "அண்ணாச்சி, ஆண்டவருக்கு அடையாளம் தெரியும். உங்க வீட்டம்மாட்ட கேளுங்க, கறை போவுமான்னு" என்றீர்கள். பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்பு எழுந்தது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பல மாதம் அப்படியே நடந்தது. யாருக்கும் தலை சுற்றவில்லை. யாரும் தள்ளாடவில்லை. இதை நினைவில் வையுங்கள் என்று உங்களிடம் சொல்லவில்லை. இந்த மடல் உங்கள் மகன் வழியாக யார் யார் கைக்குப் போனாலும், அவர்களுக்குச் சொல்கிறேன்.

ஒரு முதல் வெள்ளியில் டைட்டஸ் வந்தான். சென்னைப் பையன் என்று சொல்வோம், ஆனால் முப்பத்தைந்து தாண்டியவன். பஹ்ரைனில் இருந்துவிட்டு அப்போதுதான் குவைத்தில் ஒரு கேட்டரிங் கம்பெனிக்கு மாறியிருந்தான். ஆராதனை முடிந்து எல்லாரும் டீயும் வடையுமாக நிற்கும்போது அடுக்களை வாசலில் வந்து நின்று, ஹால் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னான்:

"அக்கா, சூப்பர்க்கா! இது மஸ்கட்டல் வாசனைல்ல? பஹ்ரைன்ல, குதைபியாவுல நான் ஹோட்டல் பார்லதானே இருந்தேன், சாப்பாட்டுக்கு அப்புறம் வெள்ளைக்காரங்களுக்கு இதத்தான் சின்னக் கிளாஸ்ல ஊத்துவோம். எங்க புடிச்சீங்க?"

நீங்கள் அவன் சொன்னதில் பாதியைக்கூடக் கேட்கவில்லை. வடைச் சட்டி சத்தம். பாராட்டுகிறான் என்று மட்டும் புரிந்து, முகமெல்லாம் சிரிப்பாக, "எங்க மேடம் வீட்டுலதான் தம்பி" என்றீர்கள்.

ஹாலில் பேச்சு நின்றது. நான் வாசல் பக்கம் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். குனிந்தபடியே அந்த அமைதியைக் கேட்டேன். லெபனான்காரர் வீடு. மேடம். பார். சின்னக் கிளாஸ். எல்லாரும் மனதுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டார்கள். நிமிர்ந்தபோது சாலமோனும் அவர் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. அதில் அதிர்ச்சி இருந்தது என்று மற்றவர்கள் சொல்லலாம். எனக்கு அது, காத்திருந்த பஸ் வந்ததும் ஒருவர் மற்றவரைப் பார்ப்பது போல இருந்தது.

அடுத்த வெள்ளிக்குள் எல்லாருடைய ஞாபகமும் மாறிவிட்டது. காரிலேயே ஆரம்பித்தார்கள். நீங்கள் ஏறுவதற்கு முந்தைய நிறுத்தத்தில்.

"எனக்கு அன்னைக்கே தலை லேசா கிறுகிறுன்னுதான் இருந்துச்சு."

"எங்க பிளாட்டு அண்ணன் மத்தியானம் சாப்பிட்டதும் அப்படியே சாஞ்சிட்டாராம், பாத்துக்கிடுங்க!"

"அவரு எந்த வெள்ளிக்கிழம சாயல?" என்றேன் நான்.

"உங்களுக்கு எல்லாத்துலயும் கேலிதான் அண்ணாச்சி."

நீங்கள் ஏறினீர்கள். கார் அமைதியானது. "என்ன, எல்லாரும் உபவாசமா?" என்று கேட்டீர்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அப்போதும் உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. உங்களுக்குச் சந்தேகப்படத் தெரியாது, அக்கா. அது ஒரு குணம் என்று மற்றவர்கள் உங்கள் அடக்கத்தில் பேசினார்கள். எனக்கு அது ஒரு குறை. உங்களுக்குக் கொஞ்சமாவது சந்தேகப்படத் தெரிந்திருந்தால், அன்றே அவர்களை எதிர்கேள்வி கேட்டிருப்பீர்கள்.

கமிட்டி அன்று மாலை கூடியது. மூன்று பேர். என்னைக் கூப்பிடவில்லை. உங்களைத் திரும்ப வீட்டில் விட வேண்டும் என்ற சாக்கில் கதவோரம் நின்றேன்.

"அக்கா, நீங்க தப்பு செஞ்சீங்கன்னு நாங்க சொல்லல" என்று ஆரம்பித்தார் சாலமோன். அப்படி ஆரம்பிக்கிறவர்களை நான் நம்புவதே இல்லை.

"இந்த அடுப்புல, உங்க எல்லார் முன்னாலயும்தான காய்ச்சுனேன்" என்றீர்கள். "பக்கத்து அடுப்புல உங்க வீட்டம்மா வடை சுட்டுக்கிட்டு இருந்தாங்களே."

"கொதிக்க வச்சதப் பாத்தோம். இல்லங்கல. இறக்கி வச்சதுக்கு அப்புறம் என்ன ஊத்துனீங்கன்னு யாரு பாத்தா?"

அந்தக் கேள்விக்கு உலகத்தில் யாராலும் பதில் சொல்ல முடியாது. இறக்கி வைத்த எந்தப் பாத்திரத்தைப் பற்றியும் அதைக் கேட்கலாம். நீங்கள், "அப்ப ஒண்ணு செய்வோம். அந்தத் திராட்சை இன்னும் மிச்சம் இருக்கு. இப்பவே காய்ச்சுதேன். மூணு பேரும் அடுப்புப் பக்கத்துலயே நில்லுங்க. வடிச்சு உங்க கையிலயே தாரேன். குடிச்சுப் பாருங்க. அதே வாசம் வருதா இல்லியான்னு சொல்லுங்க" என்றீர்கள்.

இதுதான் முக்கியம். அரைமணி நேர வேலை. அவர்கள் அதைச் செய்யவில்லை.

"இது கோர்ட் இல்லக்கா, உண்மையா பொய்யான்னு விசாரிக்க. இந்தப் பிளாட்டுல பாட்டில் இருக்குன்னு ஒருத்தன் வெளிய சொல்லிட்டா போதும். போலீஸ்காரன் வந்து, யல்லா, கெளம்புன்னு எல்லாரையும் வண்டியில ஏத்திருவான். இத்தன குடும்பம். சந்தேகம் வந்துட்டுதுல்லா, அது போதும். கொஞ்ச நாளைக்கு நீங்க வராம இருங்க" என்று முடித்தார் சாலமோன்.

அந்தப் பயம் பொய்யில்லை. அதை நான் அன்றும் மறுக்கவில்லை, இன்றும் மறுக்கவில்லை. கதவைச் சாத்தி, திரைச்சீலையை இழுத்துவிட்டு, மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தவர்கள் நாம். ஆனால் பயந்தவன் செய்ய வேண்டியது அடுப்பைப் பற்றவைத்துப் பார்ப்பது. இவர்கள் பயத்துக்கு உங்களைத் தீனியாகப் போட்டார்கள். நான் உள்ளே போய்ச் சத்தம் போட்டேன். "அண்ணாச்சி, ஆவியில நிதானமாப் பேசுங்க" என்றார் சாலமோன். மாதத்துக்கு ஒரு முறை வரும் போதகரிடம் போனேன். "கமிட்டி முடிவுல நான் எப்படித் தலையிட?" என்றார். அடுத்த திருவிருந்துக்கு சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய கறுப்புத் திராட்சைச் சாறு. தட்டை ஏந்தி வந்தவர் சாலமோனின் மனைவி. வேண்டாம் என்று தலையசைத்தேன். அதுதான் நான் திருவிருந்தை மறுத்த முதல் முறை.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. யாரோ உங்கள் மேடம் வீட்டுக்குப் போன் செய்தார்கள். நல்ல இங்கிலீஷ், மரியாதையான குரல், உங்கள் நன்மைக்காகச் சொல்கிறேன் என்று ஆரம்பித்தானாம். வீட்டில் பாட்டில் ஏதும் இருந்தால் பூட்டிவைக்கச் சொன்னானாம். மேடம் முதலில் சிரித்தார் என்றீர்கள். அவர் கணவர் சிரிக்கவில்லை. அவரும் அந்த நாட்டில் அந்நியர்தானே. தன் வீட்டு நம்பரை வைத்துக்கொண்டு எவனோ பாட்டிலைப் பற்றிப் பேசுகிறான் என்றால் எவனும் பயந்துதான் போவான். ஒப்பந்தம் முடிந்தது. விசாவுக்குப் பொறுப்பேற்ற கபீலிடம் போய்ப் புதுப்பிக்க அவர் மனம் வைக்கவில்லை.

அந்த வீட்டு நம்பர் என்னிடம் இருந்தது. காரில் வந்த பெண்களிடம் இருந்தது. அவசரத்துக்கு வேண்டும் என்று எல்லாரிடமும் வாங்கிவைத்திருந்த சாலமோனிடம் இருந்தது. அந்தப் பெண்களில் யாருக்கும் அப்படி இங்கிலீஷ் வராது. எனக்கும் வராது. அவரிடமே நேராகப் போய்க் கேட்டேன். "நானா? கர்த்தருக்குப் பயந்தவன் அண்ணாச்சி நான்" என்று சொல்லிக்கொண்டே கைக்கடிகாரத்தின் வாரைச் சரிசெய்தார். சரியாக இருந்த வாரை. அது சாட்சியாகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் பார்த்தேன்.

ஏர்போர்ட்டுக்கு உங்களை நான்தான் கொண்டுபோய் விட்டேன். காரில் வேறு யாரும் இல்லை. அப்போதும் பின் சீட்டில்தான் உட்கார்ந்தீர்கள்.

"விடுங்க தம்பி. நான் என்ன காய்ச்சுனேன்னு எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரிஞ்சா போதுமா?"

"போதாதா?"

"போதாது."

"உங்களுக்கு என்னைக்குத்தான் எது போதும்?" என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்தீர்கள். கண்ணாடியில் உங்கள் முகம் தெரிந்தது. அழவில்லை. உதட்டை மட்டும் உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டிருந்தீர்கள். அந்த முகத்தைப் பார்த்தபடி நான் ஒரு சிக்னலைத் தாண்டிவிட்டேன்.

விமானத்தைவிடப் பேச்சு வேகமாகப் போயிற்று. நீங்கள் உங்கள் ஊர் உடன்குடிக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே உங்கள் கோயில் வாசலில் அது காத்திருந்தது. பழையபடி அப்பத்துக்கும் ரசத்துக்கும் உதவ வருகிறேன் என்று கேட்டீர்கள். "ஆள் இருக்கு, நீங்க செரமப்படாண்டாம்" என்றார்கள். அதற்கு மேல் நீங்கள் கேட்கவில்லை. பின் வரிசைக்குப் போய்விட்டீர்கள். நான் ஊர் திரும்பி, உங்களைப் பார்க்க வந்த முதல் நாளிலேயே திருவிருந்தைப் பற்றி நமக்குள் சண்டை.

"அவங்க கொடுக்கதையா போயி வாங்குதீங்க? வெக்கமா இல்ல?"

"நான் அவங்க கையில இருந்தா வாங்குதேன்?" என்றீர்கள் மெதுவாக.

எனக்கு இன்றுவரை அவர்கள் கைதான் தெரிகிறது, அக்கா. அதைத் தாண்டிப் பார்க்க என்னால் முடியவில்லை. நீங்கள் தாண்டிப் பார்த்தீர்கள் என்பதற்காக நான் தோற்றதாகவும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இனி மாடியில் கிடைத்த சாட்சி. மருமகன் பாட்டிலில் இருந்த பெயரை ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். இங்கிலீஷ், பஸ் ஓட்டிய காலத்தில் போர்டுகளைப் படித்துப் படித்து வந்தது. ஒவ்வொரு வார்த்தையாகப் பிடித்துப் படித்தேன். அது பழைய காலத்து வெள்ளைத் திராட்சை. அலெக்சாந்திரியா என்ற எகிப்து ஊரின் பெயரைச் சேர்த்துச் சொல்கிறார்கள். பழமாகத் தின்கிறார்கள், உலரவைக்கிறார்கள். ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் இனிப்பு ஒயின் செய்கிறார்கள். சாறு புளித்துப் பொங்கிக்கொண்டிருக்கும்போதே வடித்த சாராயத்தை ஊற்றிப் பொங்குவதை நிறுத்திவிடுவார்களாம். அதனால் இனிப்பு தீராமல் அப்படியே நிற்கும். பெரும்பாலான திராட்சைகள் ஒயினாகும்போது பழத்தின் வாசனையை விட்டுவிடும். இந்த ஜாதி விடாது. பாட்டிலைத் திறந்தால் பழம் மணக்கும். அப்படியென்றால் பழத்தைக் கொதிக்கவைத்தாலும் பாட்டில் மணக்கத்தானே செய்யும்?

அதுதான் நடந்திருக்கிறது. டைட்டஸ் அன்று சொன்னது பொய் இல்லை. அவன் மூக்கு சரியாகத்தான் சொன்னது. வாசனை பழத்துக்குச் சொந்தம், சாராயத்துக்கு இல்லை என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள அந்த ஹாலில் ஒருவருக்கும் விருப்பம் இல்லை.

அவன் நம்பரைத் தேடிப் பிடித்தேன். இப்போது சென்னைக்கு வெளியே கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறான். பின்னால் பாத்திரச் சத்தம்.

"டிரைவர் அண்ணனா? அட, இன்னாண்ணே இத்தினி வருசம் கழிச்சு!"

உங்கள் சாவைச் சொன்னேன். நேராகக் கேட்டேன். "அன்னைக்கு நீ குடிச்சது ஒயினா?"

"இல்லண்ணே."

"எப்படித் தெரியும்?"

"எத்தினி வருசம் பார்ல நின்னவன்? வாயில வச்சா தெரியாதா? அதுல ஸ்பிரிட்டே இல்ல. வாசனதான் அப்படி இருந்துச்சு. நல்ல பழம், எங்க கெடைச்சுதுன்னு ஆசையாத்தான் கேட்டேன்."

"அத ஏன்ல அன்னைக்குச் சொல்லல?"

"அண்ணே, நான் புதுசா வந்தவன். பார்ல வேலை பாத்தவன்னு நானே உளறிட்டேன். அதுக்கு மேல வாயத் தொறந்தா, பாட்டில் வாங்கிக் குடுத்ததே இவன்தான்னு சொல்லியிருக்க மாட்டாங்களா? எனக்கும் விசா இருந்துச்சே. அந்த சாலமோன் அண்ணன் வேற தனியா கூப்பிட்டு, தம்பி நீ இதுல வராத, உனக்கு நல்லதுக்குத்தான் சொல்றேன்னாரு."

உனக்கு நல்லதுக்குத்தான். உங்கள் மேடத்திடம் போனில் பேசியவனும் அப்படித்தானே ஆரம்பித்தான்? இதையும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன். நிரூபிக்க முடியாது. ஆனால் என் மனதில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. தவறாக இருந்தால் அவர் வந்து சொல்லட்டும்.

"அழுவாதல" என்று போனை வைத்தேன். அவன் அழுததை நான் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை.

ஆகவே இனி நடக்க வேண்டியது இது.

சாலமோன், உங்கள் கோயிலில், கூட்டம் நிறைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று, தான் கொடுத்த மன்னிப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். வருந்துகிறேன் என்று பொதுவாகச் சொல்லி உட்காரக் கூடாது. இடறல் என்று சொன்னது வெள்ளைத் திராட்சையைத் தண்ணீரில் கொதிக்கவைத்ததைத்தான் என்று சொல்ல வேண்டும். அரைமணி நேரம் அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னீர்கள், நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அவர் மனைவி, வடை சுட்டுக்கொண்டே பக்கத்து அடுப்பில் தான் பார்த்ததைச் சொல்ல வேண்டும். அவர் பார்த்தார். நான் சத்தியம் செய்வேன்.

டைட்டஸ், பஸ் ஏறி உடன்குடிக்கு வர வேண்டும். போனில் எனக்குச் சொன்னது என் காதோடு போய்விடும். இனி அவனுக்குப் பயப்பட விசா இல்லை.

காரில் தலை கிறுகிறுத்ததாகச் சொன்னவர்கள், அதற்குள் பாட்டியாகியிருந்தாலும் சரி, அதை யார் யாரிடம் சொன்னார்களோ அவரவரிடம் போய் இல்லை என்று சொல்ல வேண்டும்.

போன் செய்தவர், யாராக இருந்தாலும், உங்கள் மகனிடம் வந்து பெயரைச் சொல்ல வேண்டும். அப்பாசியா குழுவில் இப்போது இருப்பவர்கள், ஒரே ஒரு முதல் வெள்ளியில், அந்த ஜாதித் திராட்சையைத் தேடிப் பிடித்துக் காய்ச்சி, இது ஒரு அக்காவின் முறை என்று சொல்லிவிட்டுக் குடிக்க வேண்டும். உங்கள் மகன் அதுவரை சாலமோன் வீட்டு விசேஷம் எதற்கும் போகக் கூடாது. அவன் உங்களைப் போல. கூப்பிட்டால் போய்விடுவான். அவனை நான் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நான், திருவிருந்துக்கு எல்லாரும் எழுந்து முன்னால் போகும்போது என் இடத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். என்னைத் தாண்டிப் போகிறவர்களுக்குக் காலை மடக்கி வழிவிட வேண்டியிருக்கிறது. முட்டி வலிக்கிறது. வலிக்கட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. சாலமோனுக்கும் வயதாகிறது. நீங்கள் இருக்கிற இடத்துக்கு அவர் வந்து சேரும்போது, முந்திக்கொண்டு, "பரவாயில்ல அண்ணாச்சி, உக்காருங்க" என்று சொல்லிவிடாதீர்கள். நீங்கள் சொல்லிவிடுவீர்கள் என்றுதான் எனக்குச் சந்தேகம். பேசாமல் நில்லுங்கள், அக்கா. முதலில் அவர் சொல்லட்டும்.